பின்னறையில் ஏணை கட்டாதே

அன்பு மகளுக்கு,

முதலில் ஒரு காரியம் செய். இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே போய்ப் பின்னறைக் கதவைச் சாத்திப் பூட்டு. உள்ளே எடுக்க ஏதாவது இருந்தாலும் எடுக்காதே. பூட்டிவிட்டு முன் விறாந்தையில் வந்து உட்கார்ந்து மீதியைப் படி. ஏழு மாத வயிற்றோடு இருப்பவளுக்கு இப்படியெல்லாம் எழுதக்கூடாது என்று எனக்குத் தெரியும். எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்று நினைத்து நினைத்து நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அறையின் கொங்கிறீட் கூரை பழுது. இன்றைக்கு நேற்றுப் பழுதானதில்லை, உன் கலியாணத்துக்கு முன்பே பழுது. அது தெரிந்துகொண்டுதான் அந்த வீட்டை உனக்குச் சீதனமாக எழுதித் தந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் எவ்வளவு சந்தோசமாகப் பேசினாய். "அப்பா, பின்னறையத் துப்பரவாக்கிட்டம். அம்மாட பழைய சாமானெல்லாம் எடுத்து வெளிய போட்டாச்சு. அவர் மேல கொங்கிறீட்டுல துளை போட்டுக் கொழுக்கி ஒண்டு இறுக்கப் போறார். புள்ளையப் போட்டு ஆட்டுற ஏணைய அதுலதான் கட்டப் போறம்" என்றாய். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. "அந்த மூலை சரியில்ல புள்ள. முன்னறையில கட்டுங்க" என்றேன். "எப்ப இருந்தப்பா மூலை பாக்கத் தொடங்கினீங்க?" என்று நீ சிரித்தாய். புதன்கிழமை மறுபடி எடுத்தாய். உன் மாமியார் கோயில் ஐயரிடம் கேட்டாராம், மூலையில் ஒரு குறையும் இல்லையாம், எலுமிச்சம்பழம் ஒன்று வெட்டிவிட்டுக் கட்டினால் போதுமாம். "உங்கட கையால கட்டின அறையப்பா. அதவிட உறுதியான இடம் வேற எங்க கிடக்கு?" என்று கேட்டாய். நான் போனை நிறுத்தினேன். என் தங்கை வீடு இருக்கிற இந்த வாகரையில் கவரேஜ் விட்டு விட்டுத்தான் வரும் என்பது அன்றைக்கு எனக்கு உதவியாகப் போயிற்று. ஒரு பொய்யை எலுமிச்சம்பழத்தால் வெட்டிப் போட்டுவிட்டீர்கள். இனி என்னிடம் உண்மை மட்டும்தான் மிச்சம்.

தங்கையின் மனுசன், வாகரை மாமா, திங்கட்கிழமை கிளினிக்குக்காக மட்டக்களப்புக்கு வருகிறார். அங்கிருந்து பஸ் ஏறி உன்னிடம் வந்து இந்தக் கடிதத்தையும் ஒரு மரப்பெட்டியையும் தருவார். பெட்டிக்குள் இருப்பவை எல்லாம் நான் மேசன் வேலைக்குப் பாவித்த ஆயுதங்கள், புதியது ஒன்றும் இல்லை. மகளுக்குத் தகப்பன் நகை அனுப்புவான், நான் சுத்தியலும் உளியும் அனுப்புகிறேன் என்று உன் மாமியார் சிரித்தால் சிரிக்கட்டும். கலியாணத்தன்றே உன் கையில் தந்திருக்க வேண்டிய பெட்டி இது. நம் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை வந்து இருப்பவர். அவர் கூரையில் ஏறினால் மாமனாரைக் குறை சொல்வதுபோல ஆகிவிடும் என்று ஏறமாட்டார், பெண்ணுக்கு யாரும் ஆயுதம் பிடிக்கச் சொல்லித் தருவதில்லை, கட்டிக் கொடுத்த தகப்பன் கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று ஒதுங்கிவிடுவான். இப்படி மூன்று பேரும் கண்ணியமாகப் பார்த்துக்கொண்டிருக்க வீடு பாழாகிப் போவதை நான் எத்தனையோ இடத்தில் கண்டிருக்கிறேன். அதனால் பெட்டி உனக்கு. மருமகன் கேட்டால் நீயே எடுத்துக் கொடு.

பெட்டியில் முதலில் நீ எடுக்க வேண்டியது சின்னச் சுத்தியல். அது ஆணி அடிக்க அல்ல, தட்டிப் பார்க்க. தேங்காய் வாங்கும்போது தட்டிக் காதில் வைத்துப் பார்க்கிறாயே, அதே காரியம்தான். நல்ல கொங்கிறீட் கணீர் என்று திருப்பிச் சொல்லும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பூச்சு விட்டுப்போன இடம் பொத்துப் பொத்தென்று கேட்கும். ஒவ்வொரு வருசமும் மாரி தொடங்கும் முன்பு யன்னல் மேலே ஓடும் கொங்கிறீட் வளைகளையும் விறாந்தைத் தூண்களையும் தட்டிப் பார். கம்பித் தூரிகை ஒன்றும் இருக்கிறது. யன்னல் கிராதியில் துரு கண்டால் முதலில் அதனால் உரசி எடுத்துவிட்டுத்தான் பெயின்ற் பூச வேண்டும். துருவின் மேல் பெயின்ற் பூசுவது காயத்தின் மேல் புதுச்சட்டை போடுவதுபோல. டோர்ச் எதற்கென்றால், பகலிலேயே ஓட்டுக்குக் கீழே அடித்துப் பார்க்க. தண்ணீர் ஒழுகிய தடம் மரத்தில் கறுப்பாகத் தெரியும். ஏணியில் இப்போது நீ ஏறாதே, பிள்ளை பிறந்து உடம்பு தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மண்வெட்டியைப் பெட்டியில் வைக்க முடியவில்லை, அது உன் வளவிலேயே மாட்டுக்கொட்டில் பக்கம் சாத்தியிருக்கிறது. என்னைக் கேட்டால் வீட்டுக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் இந்த ஒடுங்கின மண்ணில் வீடு கட்டி இருக்கிறோம். மார்கழியில் மழை விடாமல் பெய்தால் தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டும்வரை வாவி ஏறிக்கொண்டேதான் வரும். ஐப்பசிக்கு முன்பே கிணற்றடியிலிருந்து வேலிவரை வாய்க்காலை வெட்டிச் சுத்தமாக்கி விடு. வெள்ளம் வற்றியதும் சுவரில் உப்புப் பூத்திருக்கும். அதைக் கண்டு வெட்கப்பட்டு உடனே பூச ஆள் தேடாதே. தையும் மாசியும் காயவிடு, உப்பைத் தும்புத்தடியால் கூட்டித் தட்டி விடு, பங்குனியில் பூசு. வெட்கத்துக்காக ஈரச் சுவரைப் பூசுகிறவனுக்கு அடுத்த வருசம் இரண்டு மடங்கு வெட்கம் காத்திருக்கும். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கப்போகும் இடத்துக்கு இப்போது வருகிறேன்.

எனக்கு ஊரில் இருந்த பட்டப்பெயர் உனக்குத் தெரியும். மணல் தின்னி மேசன். எந்த வீட்டில் வேலைக்குப் போனாலும் முதலில் மணல் கும்பியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பேன். உப்புக் கரித்தால் துப்பிவிட்டு, சாந்து பூசும் சாந்தகப்பையைத் திருப்பிப் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவேன். ஒருமுறை படுவான்கரையில் ஒரு வாத்தியார் வீட்டில், அவருடைய சம்பந்தி வீட்டார் எல்லாரும் நிற்க, "இந்த மணல்ல கோழிக்கூடும் கட்டேலாது, ஐயா. உங்கட புள்ளையக் கொல்லவா வீடு கட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அந்த மனுசன் முகம் கறுத்துப் போயிற்று. ஊரில் அந்தக் கதை பல வருசம் ஓடியது. நானும் ஆள் கண்ட இடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

நீ உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா பின்னறைப் பேச்சைத் தொடங்கினாள். முழுவீடும் ஓட்டு வீடு, ஒரு அறையாவது கொங்கிறீட் போட்டதாக இருந்தால்தான் பெண் கேட்டு நல்ல இடத்தில் வருவார்கள் என்பது அவளுடைய கணக்கு. ஆசைப்பட்டாள், நானும் ஒத்துக்கொண்டேன். மற்றவர்களுக்குக் கட்டிய வேலைகளுக்கு இடையில் சுவர் எழுப்பி, பலகை அடித்து, கம்பி கட்டி முடிக்கப் புரட்டாதி கடைசி ஆகிவிட்டது. ஆற்று மணல் லொறி இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று இழுத்தடித்தது. வானம் மூடிக்கொண்டு வந்தது. ஆட்களுக்குச் சொல்லியாயிற்று, மழை இறங்கினால் கட்டிய கம்பி நனையும், பலகை ஊதும். முகத்துவாரப் பக்கம் ஒருவர் தன் வளவுக்கு நிரப்ப அள்ளிக் குவித்திருந்த மணல் கிடந்தது. அதை ஏற்றி வந்தேன். கிணற்றுத் தண்ணீரும் அந்தக் கோடையில் உப்பேறிச் சவர்த்துப் போய்க் கிடந்தது உனக்கு நினைவிருக்கும், தேத்தண்ணி வாயில் வைக்க முடியவில்லை என்று நீயே சண்டை பிடித்தாய். அந்தத் தண்ணீரில்தான் குழைத்தேன். முதல் கும்பியை மட்டும் கழுவினோம், பிறகு அதற்கும் நேரம் இல்லை. ஊரில் எத்தனை வீட்டு மணலைத் தின்றிருப்பேன். அன்றைக்கு என் வீட்டு மணலை மட்டும் நான் வாயில் வைக்கவில்லை.

உப்பு கம்பியைத் தின்னும், ஆனால் அவசரப்படாது. ஏழெட்டு வருசம் ஒன்றும் தெரியவில்லை. மருமகன் வீட்டிலிருந்து பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்று நாள் குறித்துச் செய்தி வந்த கிழமை, உன் அம்மா பின்னறையில் குனிந்து நெல் அளந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு கொங்கிறீட் துண்டு ஒன்று விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் அவள் தலை. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். விழுந்த இடத்தில் கம்பி புற்றுப் பிடித்ததுபோல உப்பி, தோல் தோலாக உரிந்து கிடந்தது. சுத்தியலை எடுத்துத் தட்டினேன். கதவுப் பக்கமிருந்து நடுவரை, அரைக் கூரை பொத்துப் பொத்தென்றது.

"இதென்ன சத்தம்?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்ல. மேற்பூச்சு விட்டிரிக்கி."

"பொய் சொல்லாதீங்க. உங்கட முகத்தப் பாத்தாத் தெரியுதே. இடிச்சிப் போட்டு ஓடு போடுவம். மாப்பிள்ளை வீட்டாரிட்ட உள்ளதச் சொல்லுவம். அவங்க என்ன, நம்மளத் தின்னவா போறாங்க?"

"சொல்லிப் போட்டு? மேசன்ட வீடே இடிஞ்சி விழுகுது எண்டு ஊரெல்லாம் சிரிக்கவா?"

அவள் மறுபடி நெல்லை அள்ளத் தொடங்கினாள். உன் கலியாணம் குழம்பிவிடக்கூடாது என்பதற்காக மறைத்தேன் என்றுதான் இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நேரே சொல்கிறேன், உன் கலியாணம் இரண்டாவது காரணம். முதல் காரணம் என் பெயர். படுவான்கரை வாத்தியாரின் காதுக்கு இது போய்விடும் என்ற பயம்.

இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தேன். உதிர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியை உரசி, சீமெந்து வைத்து அடைத்து, மேலே பூசி, அது காய்ந்ததும் வெள்ளைப் பெயின்ற் அடித்தேன். வாழ்நாளில் நான் செய்த பூச்சு வேலைகளில் அதுதான் மிகச் சிறந்தது. மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் மயிரளவு ஏற்ற இறக்கம் கிடையாது. மருமகனின் தகப்பன் அந்த அறையில் நின்று அண்ணாந்து பார்த்து, "மேசன்ட வீடு எண்டா இப்பிடித்தான் இரிக்க வேணும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது மகள். அந்த நேரத்தில் பயம் வரவில்லை, பெருமைதான் வந்தது. இன்றைக்கு எல்லாவற்றையும்விட அதை நினைக்கத்தான் எனக்கு நாணமாக இருக்கிறது.

அந்த வருசம் ஆயுதபூசைக்கு உன் அம்மா வழக்கம்போல என் ஆயுதங்களை எல்லாம் கழுவித் துடைத்துச் சாமியறையில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சாந்தகப்பையை மட்டும் வெளியே திண்ணைக்கட்டில் விட்டுவிட்டாள். அந்தப் பொய்யைப் பூசிய ஆயுதம் அது, மறதியில் விட்டதில்லை.

உன் கலியாணத்துக்குப் பிறகு வழக்கப்படி வீட்டை உங்களிடம் விட்டுவிட்டு நாங்கள் வளவின் மூலையில் தகரம் போட்டு ஒதுங்கினோம். அதற்குப் பிறகுதான் உனக்கும் அம்மாவுக்கும் அந்தச் சண்டைகள். நெல் மூட்டை, உடைந்த கதிரை, ஓட்டைப் பானை, வெறும் தகரப் பேணி, எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பின்னறையில் அடைக்கிறாளே என்று நீ கத்துவாய். அவள் அடுத்த நாளும் ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய் வைப்பாள். பக்கத்து வீட்டார் எறியப்போன பழைய மேசையைக்கூடக் கேட்டு வாங்கி உள்ளே தள்ளினாள். அவளுக்கு வயதாகி மூளை பிசகிவிட்டது என்று நீ மருமகனிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. ஒருநாள் கோபத்தில், "வீட்ட எழுதித் தந்து போட்டு அறையத் தராம இரிக்கிறீங்களே" என்றாய். அவள் தகரக் கொட்டிலுக்கு வந்து என் முன்னால் இருந்து அழுதாள். "அவளுக்கு உள்ளதச் சொல்லுங்க. உங்களால ஏலாட்டி நான் சொல்றன்" என்றாள். நான் அவளைத் தடுத்தேன். பிறகு சொல்லலாம், சமயம் பார்த்துச் சொல்லலாம் என்றேன். அவள் குப்பை சேர்த்ததில்லை மகள். நீயும் உன் மனுசனும் அந்தக் கூரைக்குக் கீழே பாய் போட இடம் இல்லாமல் பண்ணினாள். இரண்டு வருசம், என்னுடைய பொய்க்கு அவள் பைத்தியக்காரி என்ற பெயரோடு காவல் இருந்தாள்.

நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதைத்தான் சொன்னாள். "அந்த அறைச் சாமான எடுக்க விட்டிராதீங்க." ஓம் என்றேன். அவள் போய் முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்ததும் நான் தங்கை வீடு என்று வாகரைக்கு வந்துவிட்டேன். பெண்சாதி போன பிறகு மகளின் சீதன வீட்டில் ஆம்பிளைக்கு என்ன வேலை என்று நான் சொன்னதை எல்லாரும் சரி என்றார்கள். உண்மை என்னவென்றால், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. சாமான்கள் காவல் இருக்கும் என்று விட்டுவிட்டு ஓடி வந்தேன். அவற்றை நீ ஒருநாள் தூக்கி வெளியே போடுவாய் என்று யோசிக்காத மடையனாக இருந்தேன். நீ அம்மாவிடம் பேசியதை நினைத்து இப்போது அழுவாய், எனக்குத் தெரியும். அந்தக் குற்றத்தில் உனக்குப் பங்கு இல்லை. யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அப்படிப் பேசியிருக்கமாட்டாய்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். துளை போட்டிருந்தால் அதை நிரப்பப் போகவேண்டாம், போடாவிட்டால் மெசினை எடுத்து வைக்கச் சொல். யாரும் மேலே ஏறி மிளகாய் காயப்போட வேண்டாம். களுதாவளைப் பக்கம் நல்ல மேசன்மார் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தவர் என்று யாரையும் கூப்பிடாதே, என் முகத்துக்காகப் பூசி மறைத்துவிட்டுப் போவார்கள். தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு முட்டுக்கொடுத்து, அந்தக் கூரை முழுவதையும் இறக்கச் சொல். சுவர் நன்றாக இருக்கிறது, அதன் மேல் மரம் வைத்து ஓடு போடலாம். பழைய கம்பியில் ஒரு துண்டையும் மிச்சம் வைக்கவேண்டாம். ஊர் வந்து பார்க்கும். மேசன் மகளின் வீடு என்று பேசும். பேசட்டும்.

இந்த உறையை நான் ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். மருமகனும் அவருடைய தாயும் இதைப் படிக்க வேண்டும். தாய் வீட்டை விட்டு, என்னை நம்பி வந்து இருந்த மனுசன் அவர். அவருக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். நீ நடுவில் நின்று எனக்காகப் பேசாதே. சீதனத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்று யாராவது உன்னைச் சொன்னால் இந்தக் காகிதத்தைக் காட்டு. உனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருத்தி சொல்லச் சொல்லி அழுதவள், மற்றவன் நான். கீழே என் கையெழுத்து இருக்கிறது.

பிள்ளை பிறந்தால் நான் வரவேண்டும் என்று போனில் கேட்டாய். நீங்கள் எல்லாரும் இதைப் படித்த பிறகும் வா என்று சொன்னால் வருவேன். சொல்லாவிட்டால் இங்கேயே இருப்பேன், அதற்காக உன்னைக் குறை நினைக்கமாட்டேன். ஆணா பெண்ணா, யாரின் சாயல், என்ன பெயர் வைத்தீர்கள் என்று எனக்கு அறிவிக்க மனம் வராவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையை எந்த அறையில் கிடத்தியிருக்கிறீர்கள் என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு.

அப்பா